காவடி என்றால் யானைக்கும் உண்டு

"மசினகுடி போறோம்ணா, எங்க தங்கலாம்?" என்று சென்னையிலிருந்து பிள்ளைகள் கேட்கிறார்கள். வல்லக்கோட்டையில் நெல் போடுகிறவனிடம் ஏன் கேட்கிறார்கள் என்றால், தெப்பக்காடு யானை முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து நான் அதையேதான் பேசிக்கொண்டிருக்கிறேன். இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதுமலைக்குள், மாயாற்றின் கரையில் இருக்கிறது அந்த முகாம். வயசு நூறைத் தாண்டியாச்சு. முன்பு மரம் இழுக்க யானைகளை வைத்திருந்தார்கள். இப்போது காட்டு ரோந்தும், ஊருக்குள் வரும் காட்டு யானையை விரட்டும் கும்கி வேலையும். காலையிலும் சாயங்காலமும் தீனி கொடுப்பதைப் பார்க்கலாம். ராகி, கொள்ளு, வெல்லம், உப்பு எல்லாம் கலந்து உருட்டிப் பாகன் நேராக யானையின் வாய்க்குள் வைக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கிடையாது. வயசு, உடம்பு பார்த்துத்தான். மாட்டுக்குத் தவிடு கலக்கிற கைக்கு அந்த அருமை உடனே புரியும்.

பாகனுக்கு உதவியாக இருப்பவரைக் காவடி என்கிறார்கள். எங்க முருகன் கோயில் காவடி இல்லீங்க, வேற. பெரும்பாலும் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் குடும்பங்கள். பொம்மன், பெள்ளியை உங்களுக்குத் தெரியும். அவர்கள் வளர்த்த ரகு என்ற குட்டியின் படத்துக்கு 2023 மார்ச்சில் ஆஸ்கர் கிடைத்தது. எனக்கு அதைவிடப் பெரிசு அதற்கப்புறம் நடந்தது. பெள்ளி தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். தெப்பக்காடு, கோழிகமுத்தி இரண்டு முகாம்களிலும் வேலை செய்யும் 91 பேருக்குத் தலா 1 லட்சம் ரூபாயும், வீடு கட்டப் பணமும் அரசு அறிவித்தது. 2025 மே மாதம் தெப்பக்காட்டில் 44 வீடுகளைத் திறந்தார்கள். யானையைப் பார்க்க வந்த கூட்டத்தால், யானையைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு வீடு கிடைத்தது.

ரகுவின் தாய் ஓசூர்ப் பக்கம் மின்சாரம் தாக்கி இறந்த யானை. ஆஸ்கர் கிடைப்பதற்குச் சில நாள் முன்புதான், தருமபுரி மாரண்டஅள்ளி பக்கம் ஒரு நிலத்தில் போட்டிருந்த மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன. அந்த விவசாயியைத் திட்டுவது உங்களுக்குச் சுலபம். எங்கள் வயலில் மயில் கூட்டமாக வந்து நெல்லைக் கொத்தும். "முருகன் வாகனம், விடு" என்பார் அப்பா. சுவாமிமலையில் முருகனுக்கு எதிரே நிற்பது யானை, அதுவும் வாகனம்தான். ஆனால் மயில் தின்பது மரக்கால் கணக்கு, யானை தின்பது வருஷக் கணக்கு. அதற்காக நேர்க் கரண்டு விடுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சோலார் வேலி சுருக்கென்று ஒரு அடி கொடுத்துத் தள்ளிவிடும், கொல்லாது. அந்தச் செலவை அவன் ஒருத்தன் தலையிலேயே கட்டுவதுதான் நியாயமில்லை.

இப்போ நீங்க கேட்ட கேள்வி. சீகூர் யானை வழித்தடத்தை உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் உறுதி செய்து, உள்ளே இருந்த விடுதிகளைக் காலி செய்யச் சொன்னது. மூன்று மாதத்தில் மசினகுடியில் ஒரு தனியார் விடுதியிலிருந்து எரியும் டயரை வீசியதில் காது வெந்து ஒரு யானை செத்தது. அந்த விடுதிகளில் பாத்திரம் கழுவி, மெத்தை விரித்துப் பிழைத்த உள்ளூர்ப் பெண்களுக்கும் வேலை போனது, அதையும் சொல்லணும். ஆனால் முதலாளி வெளியூர், கூலி உள்ளூர் என்கிற ஏற்பாட்டை நாங்கள் ஒரகடத்திலேயே பார்த்தாச்சு. நிலம் கொடுத்தவரின் பையன் அதே நிலத்தின் கேட்டில் செக்யூரிட்டியாக, காண்ட்ராக்டில் நிற்கிறான். யாருடைய இடமோ அவனுக்குப் பங்கு என்ன என்றுதான் எங்கே போனாலும் என் கண் தேடுகிறது.

அதனால தம்பிகளா, வனத்துறை விடுதியில் முன்பதிவு கிடைக்குமா பாருங்க. காட்டுக்குள் போக வனத்துறை வண்டி இருக்கு. "நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறேன் சார்" என்று எவனாவது ரோட்டில் நிறுத்தினால் ஏறாதீங்க, அது சட்டவிரோதம். தங்குவதானால் ஊர்க்காரர் வீட்டுப் பக்கம் விசாரியுங்க, டீயும் அவங்க கடையிலேயே குடிங்க. சாயங்காலம் தீனி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியே போயிடுங்க, ராகிக் களி உருட்டுவதைப் பார்க்கலாம்.