கடைசியாக எப்ப சாப்பிட்டவ?

பாமன்கடைச் சந்தியிலிருந்து கால்வாய்ப் பக்கமாகக் கிளைத்துச் செல்லும் ஒழுங்கைகளில் இரண்டு வாகனங்கள் எதிர்ப்பட்டால் ஒன்று பின்வாங்கியே தீரவேண்டும். அத்தகைய ஒழுங்கைக்குள் நோயாளர் காவுவண்டியைச் செலுத்துவது பெரிய சாமர்த்தியந்தான். ஆயினும் நான் காண விரும்பியது சாரதியின் சாமர்த்தியத்தையன்று, பையுடன் இறங்கி வருகிற அவசர மருத்துவ உதவியாளரின் வித்தையையே. இந்திய அரசின் நன்கொடையான 88 வண்டிகளோடு 2016 யூலையில் மேல் மாகாணத்திலும் தென் மாகாணத்திலும் ஆரம்பமாகி, 2018 இல் வடக்குக்கும் விரிந்து, பின்னர் நாடெங்கும் பரவிய ‘1990 சுவசெரிய’ என்னும் இந்தக் காவுவண்டிச் சேவைக்கு ஒரு சதமேனும் கட்டணமில்லை என்பதை இன்னும் நம்பாத பெரியவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. எழுபது வயதை அண்மித்த ஓர் அம்மா, முகமெல்லாம் வியர்த்து, வார்த்தை குழறிக் கட்டிலிற் சாய்ந்திருந்தா. “ஹார்ட் அட்டாக் தம்பி, கெதியா ஏத்துங்கோ” என்று மகன் பதறினார். உதவியாளராக வந்த வவுனியா இளைஞரோ, வாசலிலேயே கணப்பொழுது நின்று, அறையையும், அம்மா கிடந்த நிலையையும், தோலின் நிறத்தையும் ஒருமுறை நோக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அவசரத்துக்கென்று வந்தவர் அவசரப்படாதது மகனுக்குச் சினமூட்டியது. எனக்கோ அதுவே முதற் பாடமாயிற்று.

“அம்மா, கண்ணைத் திறவுங்கோ.” திறந்தா. விழிப்பு, குரலுக்கு எழுதல், நோவுக்கு அசைதல், எதற்கும் அசையாமை என்ற நான்கு படிகளில் அவ இரண்டாம் படியில் இருப்பதாக அவர் குறித்துக்கொண்டார். கண், பேச்சு, அங்க அசைவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே புள்ளியிட்டு 3 முதல் 15 வரை கணிக்கும் கிளாஸ்கோ அளவுகோல் 1974 இல் தோன்றியது; இதைவிட நுட்பமானது. அதன்படி அவவுக்கு 13. மூச்சு வழி, சுவாசம், இரத்த ஓட்டம் என்னும் வரிசையைக் கடந்தபின் மணிக்கட்டைப் பற்றினார். நாடி எண்ணி முடிந்த பிறகும் அவர் விரல்களை எடுக்காதது ஏன் என்று பின்னர் வினவியபோது, அக்கணத்தில் தாம் எண்ணியது நாடியையன்று, மார்பின் ஏற்ற இறக்கத்தையே என்றும், மூச்சை எண்ணுகிறார்களென்று தெரிந்துவிட்டால் எவருக்கும் மூச்சின் கதி மாறிவிடும் என்றும் சொன்னார். நம் சித்த வைத்தியர்களின் எண்வகைத் தேர்வில் நாடியோடு ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி ஆகியனவும் இடம்பெற்றது என் நினைவுக்கு வந்தது.

நாடி 108, சுவாசம் 20, குருதியமுக்கம் 150க்கு 90, ஒட்சிசன் 97 வீதம். முகம் ஒருபுறம் கோணவில்லை. இரு கைகளும் சமமாக உயர்ந்தன. ஆகவே வார்த்தை குழறியதைத் தவிரப் பாரிசவாதத்தின் வேறு அடையாளம் தென்படவில்லை. மகன் கூறிய ‘ஹார்ட் அட்டாக்’ நோயாளி உணர்ந்த குணமுமன்று, பிறர் கண்ட குறியுமன்று, அது தீர்ப்பு. தீர்ப்பை ஒத்திவைத்துக் குணத்தையும் குறியையும் திரட்டுவதிலேதான் இத்தொழிலின் முழுப் பயிற்சியும் அடங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

ஒவ்வாத மருந்து உண்டா, பழைய வருத்தம் என்ன, என்ன குளிசை எடுக்கிறா என்று தொடர்ந்த கேள்விகள், “கடைசியா எப்ப சாப்பிட்டவ?” என்பதில் வந்து நின்றன.

“சீனி வருத்தக் குளிசை காலமையே போட்டவ,” என்றா மருமகள். “வெள்ளிக்கிழமை விரதமெண்டு சாப்பிடேல்லை. மயூரபதி கோயிலுக்குப் போட்டு வந்துதான் படுத்தவ.”

விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், கருவியில் சீனியின் அளவு 46. எழுபதுக்குக் குறைந்தாலே ஆபத்து. விழுங்கத் தக்க நிலையில் இருந்தபடியால் குளுக்கோஸ் கரைத்து மெல்ல மெல்லப் பருக்கினார்கள். பதினைந்து நிமிஷத்தின் பின் 88. “இவர் ஆர்?” என்று அம்மா கேட்டா. இருந்தும், குளிசையின் வேகம் நீடிக்கக்கூடும் என்பதனால் களுபோவில ஆஸ்பத்திரிக்கு ஏற்றினார்கள்.

அங்கே வைத்தியர் இரண்டு இலக்கங்களுக்கும் இடையிலான நேரத்தையே முதலிற் கேட்டார். கையுறையின் புறத்தே பேனாவால் எழுதியிருந்ததைப் பார்த்துப் பதில் சொன்ன இளைஞர், படிவத்தை நிரப்பியவாறே என்னிடம், “‘இப்ப பரவாயில்லை’ எண்டு எழுதினா, ஐயா, அடுத்த ஆளுக்கு ஒண்டும் விளங்காது,” என்றார். அதற்குள் சாரதி சிங்களத்தில் அடுத்த அழைப்பைச் சொல்லிவிட்டார்.