கோலாலம்பூரில் நான்கு நாட்கள்

போன வாரம் நண்பர் ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டார். மகள் டிக்கெட் எடுத்துவிட்டாளாம். கணவனும் மனைவியுமாகக் கோலாலம்பூர் போகிறார்களாம். "நீதான் போயிட்டு வந்தவனாச்சே, என்னென்ன பார்க்கலாம்னு எழுதேன்" என்றார். 2024-இல் நானும் என் மனைவியும் நான்கு நாள் போய் வந்தோம். திரும்பிய கையோடு எழுதியிருக்க வேண்டும். ஏனோ கை வரவில்லை. காரணம் படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் உபயோகமான சங்கதிகள். நாங்கள் போனபோது நம்மவர்களுக்கு 30 நாள்வரை விசா தேவையில்லை. கிளம்புமுன் இணையத்தில் ஒரு வருகைப் படிவம் மட்டும் நிரப்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் மாறக்கூடியது, பேரனையோ பேத்தியையோ பார்க்கச் சொல்லிவிடுங்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். விமான நிலையம் ஊருக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விரைவு ரயில் அரை மணியில் சென்ட்ரல் நிலையத்தில் கொண்டு வந்து விட்டுவிடும். குடை அவசியம். காலையில் வெயில் கொளுத்தும், மூன்று மணிக்கு மேல் ஐப்பசி அடைமழை மாதிரி கொட்டும். வருஷம் முழுக்க அப்படித்தானாம். அங்குள்ள தமிழர்கள் ரிங்கிட்டை 'வெள்ளி' என்கிறார்கள். காலையில் பார்த்தால் "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார்கள். டிபன் சாப்பிட்டாயிற்றா என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்கவே இன்னொரு தடவை போகலாம்.

தங்குவதற்குச் சென்ட்ரலை ஒட்டிய பிரிக்ஃபீல்ட்ஸ் வசதி. பேரே சொல்கிறது, ஒரு காலத்தில் செங்கல் சூளைகள் இருந்த இடம். பிறகு ரயில்வேக்காரர்கள் குடியேறினார்கள், அதில் நம் ஆட்களும் யாழ்ப்பாணத்துக்காரர்களும் நிறைய. இன்று வாழையிலைச் சாப்பாடு, பூக்கடை, நகைக்கடை என்று பாதி திருச்சி போல இருக்கிறது. என் மனைவிக்கு முதல் நாளே ஊர் பிடித்துப்போனதற்கு அந்த மல்லிகைச் சரம்தான் காரணம்.

ஊர் பிறந்த இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஜாமெக் மசூதிக்குப் போங்கள். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் அங்கேதான் கலக்கின்றன. மலாய் மொழியில் கோலா என்றால் முகத்துவாரம், லும்பூர் என்றால் சேறு. 1857 வாக்கில் ஈயம் தோண்ட வந்த சீனர்கள் படகை நிறுத்திய சேற்றுக் கரைதான் பிறகு தலைநகராயிற்று. பக்கத்திலேயே 1897-இல் கட்டிய சுல்தான் அப்துல் சமாட் கட்டடம், எதிரே மெர்டேக்கா சதுக்கம். 1957 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொடியை இறக்கியது இங்கேதான்.

இரட்டைக் கோபுரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 452 மீட்டர், 88 மாடி. மேலே ஏற டிக்கெட் விலை அதிகம். சாயங்காலம் கீழே பூங்காவில் உட்கார்ந்து விளக்கு போட்டதும் பார்த்தாலே போதும் என்பது என் கட்சி.

பத்துமலைக்கு சென்ட்ரலிலிருந்து நேரே ரயில் இருக்கிறது. 272 படி. முழங்கால் சரியில்லாதவர்கள் கீழே நின்றே 2006-இல் எழுப்பிய பெரிய முருகனைக் கும்பிடலாம். 140 அடி, கழுத்து வலிக்கும். என் மனைவி கீழே உட்கார்ந்துவிட்டாள். நான் நாலு இடத்தில் நின்று நின்று ஏறினேன். தேங்காயைக் குரங்கு பிடுங்கிக்கொண்டது, பையை மார்போடு அணைத்துப் பிடியுங்கள். ஊருக்குள் 1873-இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் அங்கிருந்துதான் பத்துமலைக்குப் புறப்படும்.

இனி பழைய ரயில் நிலையம். சென்ட்ரலிலிருந்து ஒரே ஸ்டேஷன். வழிகாட்டிப் புத்தகங்களில் கட்டடத்தை வெளியிலிருந்து படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். 1910-இல் கட்டியது. வெள்ளை வெளேரென்று கும்மட்டமும் ஸ்தூபியுமாக ரயில் நிலையமா அரண்மனையா என்று தோன்றும். 2001-இல் சென்ட்ரல் வந்த பிறகு முக்கியத்துவம் போய்விட்டது, பெரும்பாலும் உள்ளூர் வண்டிகள்தான். முப்பத்தெட்டு வருஷம் ரயில்வேயில் குப்பை கொட்டியவன் ஆயிற்றே, நான் உள்ளே போனேன். தண்டவாளத்தைப் பார்த்ததும் சட்டென்று நின்றுவிட்டேன். மீட்டர் கேஜ். நான் திருவாரூரில் வேலைக்குச் சேர்ந்த நாளில் எங்கள் பக்கம் இருந்த அதே அகலம்.

என் சித்தப்பா 1937-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார். கல்யாணம் ஆகி ஒரு வருஷம். காஜாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. கடைசிக் கடிதம் 1941 ஐப்பசியில் வந்தது. டிசம்பரில் ஜப்பான்காரன் இறங்கிவிட்டான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், சித்தப்பாவை சயாம் ரயில் போட 1943-இல் பிடித்துக்கொண்டு போனதாகக் கேள்வி என்றார். கேள்விதான், கண்ணால் பார்க்கவில்லை. அதனால் சித்தி பொட்டை அழிக்கவில்லை. 1986-இல் இறக்கும்வரை தாலியும் கழுத்தில்தான் இருந்தது.

காஜாங்கிலிருந்து வடக்கே சயாமுக்குப் போகிற வண்டி கோலாலம்பூரைத் தாண்டித்தான் போக வேண்டும். லைன் அப்படி. யார் சொல்லவும் வேண்டாம், ரயில்வேக்காரனுக்கு அது தெரியும். அந்த நடைமேடை வழியாகத்தான் போயிருப்பார், போயிருந்தால்.

பெஞ்சில் என் வயதுத் தமிழர் ஒருவர் இருந்தார். ஊர் விசாரித்தார். சித்தப்பா விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கப்பா போயி திரும்பி வந்தவருங்க. முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலுலயும் புண்ணுத் தழும்பு இருக்கும். சின்ன வயசுல நான் தொட்டுப் பார்த்துக் கேட்பேன். 'சயாம்'னு ஒரு வார்த்தைதான் சொல்வாரு" என்றார். அவர் தோட்டத்திலிருந்து போனவர்களில் வராதவர்களே அதிகமாம். அவருடைய வண்டி வந்தது. கையைப் பிடித்துவிட்டு ஏறிப் போனார்.

ரயிலும் ரயில்வேயும் ஒன்றென்று நினைப்பவள் சித்தி. எனக்கு 1973-இல் வேலை கிடைத்த அன்றே, "தம்பி, அந்த ஊரு ரயில் ஆபீசுக்கு ஒரு லெட்டர் போட்டுக் கேளேன், அழைச்சுக்கிட்டுப் போனவங்க பேரு எழுதி வச்சிருப்பாங்கல்ல" என்றாள். சரி சித்தி என்றேன். பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் கேட்பாள். ரயில்வே ஆபீசில் அந்தக் கணக்கெல்லாம் இருக்காது என்று எனக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வருஷம் தொந்தரவு பொறுக்காமல், "போட்டுட்டேன் சித்தி, பதில் வரலை" என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. தபால்காரரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று பின்னால் தெரிந்தது.

அன்று நடைமேடையில் இதை மனைவியிடம் சொன்னேன். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக. அவள் என்னைத் தேற்றத்தான் பார்த்தாள். "விடுங்க. எழுதணும்னாலும் யாருக்குன்னு எழுதியிருப்பீங்க? விலாசம் ஏது?"

விலாசம் இருந்தது. சித்தப்பாவின் கடைசிக் கடித உறையின் பின்பக்கம் தோட்டத்தின் பேர், தபாலாபீஸ், எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது. சித்தி அதைத் தகரப் பெட்டியில் வைத்திருந்தாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் எடுத்துக் காட்டுவாள்.