இழுக்க எளிதான வண்டி

சென்ற விடுமுறையை அவுஸ்திரேலியாவிலே, மெல்பேண் நகரில் வாழும் எமது தம்பியாருடன் கழித்தோம். அவரிடம் ஒரு சிறு படகு உண்டு. அது திருத்தகத்தில் இருந்த ஓரிரவு, அதனை ஏற்றிச் செல்லும் ட்ரெயிலர் வண்டி களவு போயிற்று. எம்முடன் கடலுக்குப் போக நாளெண்ணியிருந்த பெறாமகன் அழுதான்.

"பூட்டவில்லையா?" என்றோம்.

"வளவுக்குள்தானே நின்றது, அண்ணை" என்றார்.

அவ்வண்டியின் சிறப்பே அதன் பலவீனமும் ஆகும். காரின் பின்னே கொளுவி, ஒருவரே சில நிமிடங்களில் இழுத்துச் செல்லலாம். எமது வடமராட்சிக் கரையிலோ வள்ளத்தைக் கரையேற்றப் பலர் தோள் கொடுக்க வேண்டும். தனிக் கள்வன் என் செய்வான்? ஊரார் கைகளே அதற்குப் பூட்டு.

பின்னர் பழைய வண்டியொன்றை வாங்கிய தம்பியார், கொளுவிக்கு ஒரு பூட்டும் சில்லுக்கு ஒரு பூட்டும் இட்டார். கொளுவி முனை சுவரை நோக்க நிறுத்தினார். வண்டியின் இலக்கத்தையும் குறித்து வைத்தார். நல்லதே. ஆயினும் பூட்டு கள்வனைத் தாமதிக்கச் செய்யுமேயன்றி முற்றாகத் தடுக்காது. அத்தாமதத்தைக் காண ஒரு கண் வேண்டாமா? ஆறாண்டாகப் பேசியறியாத அயலவரிடம் ஒரு சொல் சொல்லி வைக்கும்படி கூறினோம். தயங்கித் தயங்கியே போனார்.

நாம் ஊர் திரும்பிய காலையில், அந்த அயலவர் வேலிக்கு மேலாக எமக்கும் கைகாட்டினார்.