நான் பிடித்த கலியாணப் படம்

பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குக் கணக்குப் போதிப்பவனுக்குக் கலியாணத்தில் என்ன உத்தியோகம் கிடைக்கும்? பந்தி விசாரிக்கலாம், சந்தனப் பேலாவை ஏந்தி வாசலில் நிற்கலாம். எனக்கோ படம் பிடிக்கும் உத்தியோகம் வாய்த்தது. 2020-ஆம் ஆண்டு வைகாசியில், கலியாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடலாகாதென்ற உத்தரவு அமுலில் இருந்தபோது, என் தமக்கையின் பெண்ணுக்குக் கும்பகோணத்து வீட்டுக் கூடத்திலேயே விவாகம் நடந்தது. அமர்த்தியிருந்த படக்காரர் வெளி ஜில்லாக்காரர். அநுமதிச் சீட்டுக் கிடைக்கவில்லை. "உன்னிடந்தான் காமிரா இருக்கிறதே!" என்றார்கள்.

வீட்டுக் கலியாணத்தைப் படம் பிடிப்பது லேசு என்று நினைப்பவர்கள் ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டும். கூடத்துக்கு வெளிச்சம் வருவதெல்லாம் முற்றத்து வழியாகத்தான். மணமக்கள் முற்றத்துக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கரியாகிவிடும். வைதிகரோ திக்கைப் பார்ப்பாரே தவிர என் காமிராவைப் பார்ப்பாரா? பிளாஷ் போட்டால் ஹோமப் புகையில் பட்டு வெள்ளைத் திரையாய் நிற்கும். ஆகவே லென்ஸை அகலத் திறந்து, விநாடியில் 125-ல் ஒரு பங்கு என்று வைத்துக் கொண்டேன். அதைவிட மெதுவானால் முடிச்சுப் போடும் விரல்கள் கலங்கிப் போகும்.

கணவரை இழந்த என் தமக்கை அடுக்களை நிலைப்படிக்குப் பின்னால் நின்றாள். கன்னிகாதானம் செய்தவர்கள் அவள் மைத்துனரும் ஓரகத்தியும். "முன்னால் வாயேன், அக்கா" என்றேன். "இங்கிருந்தே நன்றாய்த் தெரிகிறது. நீ உன் வேலையைப் பார்" என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் 22 பேர். அவளை அங்கே நிற்கச் சொன்னவர் யாருமில்லை. வாவென்று அழைத்தவரும் இல்லை. நான் அழைத்ததுகூடப் பிறர் காதில் விழாத குரலில்தான்.

கெட்டிமேளம் முழங்கிற்று. அட்சதை மழைக்கிடையே முதல் முடிச்சைப் பிடித்துவிட்டேன். மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் குனிந்தபோது, என்னையறியாமல் திரும்பினேன். அக்கா முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, குதிகாலை உயர்த்தி, அத்தனை தோள்களுக்கும் மேலாக எட்டிப் பார்த்துக் கொண்டிருந்தாள். ஒரே ஒரு படம் எடுத்தேன்.

"மூன்றாம் முடிச்சு எங்கே?" என்று சம்பந்தி வீட்டார் கேட்டார்கள். கை நடுங்கிவிட்டதென்று பொய் சொன்னேன். பெண் மட்டும் அக்காவின் படத்தைப் பெரிதாக்கித் தன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். அக்காவுக்கு அது பிடிக்கவேயில்லை.

"அடுக்களைப் புடவையோடு நின்றேனே! நீ எடுக்கப் போகிறாயென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், பெட்டியிலிருந்த பட்டைக் கட்டிக்கொண்டு வந்திருப்பேனே, அடா!" என்கிறாள்.