கேஸை மாத்தினா பேர் போயிரும்

எங்கள் சேரியில் அரசாங்க முத்திரை விழுந்த முதல் சொத்துக் காகிதம் ஒரு ஆர்.சி. புத்தகம். பட்டா வாங்க எங்களிடம் நிலம் கிடையாது. ரேஷன் கார்டு இருந்தது, அதைச் சொத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் பெரியப்பா 1981-ல் இரண்டாம் கையாக ஒரு ஜாவா மோட்டார் சைக்கிள் வாங்கினார். அந்தப் புத்தகத்தில் அவர் பெயரும் எங்கள் தாத்தா பெயரும் இருக்கின்றன. கீழே இரண்டு எண்கள். ஒன்று சேஸிஸ் நம்பர், மற்றது எஞ்சின் நம்பர். இரண்டாவது எண்ணைக் காப்பாற்ற நாங்கள் பட்ட பாட்டைப் பதிவு செய்யத்தான் இதை எழுதுகிறேன்.

ஜாவா 1929-ல் செக்கோஸ்லோவாகியாவில் பிறந்த வண்டி. இங்கே 1961 முதல் மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி அதைச் செய்தது. எழுபதுகளில் எஸ்டி என்று பெயர் மாறியது. 1996-ல் ஆலையை மூடிவிட்டார்கள். 250 சி.சி., ஒரே சிலிண்டர், ரெண்டு சைலன்சர். பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டிய டூ ஸ்ட்ரோக். உதைக்கிற லீவரும் கியர் போடுகிற லீவரும் ஒன்றுதான். பெரியப்பாவுடையது 1969-ல் செய்த வண்டி.

தேவாரம், கோம்பை, போடி பக்கத்துச் சேரிகள் விடிவதற்கு முன்னாலேயே மலைக்குக் கிளம்பிவிடும். பெண்கள் ஜீப்பில் புளிமூட்டையாக அடைந்து போடிமெட்டு ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள். இன்றும் அப்படித்தான் போகிறார்கள். பெரியப்பா பூப்பாறைப் பக்கம் ஒரு ஏல ஸ்டோரில் தீப்போடுகிற வேலை பார்த்தார். பச்சை ஏலக்காயை ஒரு பகல் ஒரு ராத்திரிக்கு மேல் வாட்டி எடுக்க வேண்டும். சூடு ஐம்பது டிகிரியை ஒட்டி நிற்க வேண்டும். கூடினால் காயின் பச்சை போய்விடும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அவர் தெர்மாமீட்டர் பார்த்ததில்லை, கையை நீட்டிச் சொல்லிவிடுவார். முதலாளி கணக்கில் அதற்குப் பேர் விறகு தள்ளுகிற கூலி.

அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டியில் அவர் ஊருக்குள் உட்கார்ந்து வர முடியாது. சேரிக்கு வருகிற பாதை ஊர்த்தெரு வழியாகத்தான். தெரு முனையில் எஞ்சினை அணைத்து, இறங்கி, நூறு கிலோவுக்கு மேல் கனக்கிற இரும்பைத் தெரு முழுக்கத் தள்ளிக்கொண்டு போய், மறுமுனை வேப்பமரத்தடியில்தான் மறுபடி உதைக்க வேண்டும். செருப்புப் போட்டு நடக்கக் கூடாது, தோளில் துண்டு போடக் கூடாது என்று பழைய சட்டங்கள் இருந்ததல்லவா, அதில் வண்டியும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. மோட்டார் சைக்கிளுக்கு மனு ஏதும் எழுதி வைக்கவில்லை. ஊரே எழுதிக்கொண்டது. 'வண்டியத் தள்ளித் தள்ளி எனக்குக் கையில காச்சுப் போச்சுடா, தீப்போட்டு வந்த காப்பு இல்ல இது' என்பார் பெரியப்பா.

1986-ல் போடிமெட்டு ஏற்றத்தில் செயின் அறுந்தது. தேய்ந்து நீண்டுபோன செயினில் ரெண்டு கண்ணியைக் கழற்றிப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். புதுச் செயினுக்கு வைத்திருந்த காசு என் அப்பாவின் காலேஜ் பீஸுக்குப் போயிருந்தது. அறுந்த செயின் வெளியே விழாது. சுற்றுகிற முன் ஸ்ப்ராக்கெட் அதை உள்ளே இழுத்துச் சுருட்டும். சுருண்ட செயினுக்குப் போக இடம் இல்லாமல் பக்கத்தில் இருக்கிற அலுமினியக் கேஸை முட்டும். ஜாவாவில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பு. ஸ்ப்ராக்கெட்டுக்குப் பின்னாலிருந்து எஞ்சினைச் சட்டத்தில் மாட்டுகிற போல்ட் துவாரம் வரைக்கும் ஒரு விரல் நீளத்துக்குக் கிராக் விட்டது. கியர் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. பார் சோப்பைத் தேய்த்துப் பார்த்தார், எம்-சீல் வைத்துப் பார்த்தார். சூட்டிலும் அதிர்விலும் அது எத்தனை நாள் தாங்கும்? ரெண்டு மாசத்தில் வண்டி நின்றுபோனது. 1989-ல் போடிப் பகுதியில் சாதிக் கலவரம் மூண்டபோது அதை எருவட்டிக் குவியலுக்கு அடியில் மறைத்து வைத்தார்கள். அப்புறம் அது அங்கேயே கிடந்தது. பெரியப்பா 2019-ல் இறந்தார்.

ஜாவா என்ற பெயரில் 2018-ல் புது வண்டிகள் வந்த பிறகு பழைய வண்டிகளுக்கு மவுசு கூடியது. பழைய இரும்பு யாவாரி கிலோ கணக்கில் கேட்ட பொருளை, வெளியூரிலிருந்து காரில் வந்த ஒருவர் பெரிய விலைக்குக் கேட்டார். 'கேஸ் போயிருச்சேன்னு கவலப்படாதீங்க, வேற கேஸ் கெடைக்கும், மாத்திக்கலாம்' என்று சொன்னார். அங்கேதான் பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். 'கேஸை மாத்தினா புத்தகத்துல இருக்க நம்பரு?'

கேள்வி சரியானது. எஞ்சின் நம்பர் கொத்தியிருப்பது கேஸில்தான். பிஸ்டனை மாற்றலாம், சிலிண்டரை மாற்றலாம், கார்புரேட்டரை மாற்றலாம், புத்தகத்துக்கு ஒன்றும் ஆகாது. கேஸை மாற்றினால் வேறு யாரோ ஒருவரின் நம்பர் வந்து உட்காரும். முறையாகச் செய்வதானால் பதிவு அலுவலகத்தில் அனுமதி வாங்கிப் புத்தகத்தைத் திருத்த வேண்டும். முறைகெட்டுச் செய்கிறவர்கள் பழைய நம்பரைத் தேய்த்துவிட்டுப் புதிதாகக் கொத்துகிறார்கள். ரெண்டிலும் பெரியப்பா பேருக்கு நேராக இருக்கிற அந்த எண் செத்துப்போகும். இன்னொன்றும் உண்டு. கேஸ் ரெண்டு பாதியாக வருவது. ரெண்டையும் சேர்த்து வைத்தே பேரிங் துவாரங்களைக் கடைவார்கள். ஒரு வண்டியின் இடது பாதிக்கு இன்னொரு வண்டியின் வலது பாதி நேராக உட்காராது, கிராங்க் இழுத்துக்கொண்டு ஓடும்.

ஆகவே வெடித்த கேஸையே ஒட்டுவது என்று முடிவு செய்தோம். பெரிய ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில், 'இதுக்குச் செய்யிற செலவுக்குப் புதுசே வாங்கலாம்' என்று கையில்கூட வாங்கிப் பார்க்காமல் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் போடியில் ஒரு அண்ணனிடம் போய்ச் சேர்ந்தோம். ஜீப் கியர் பெட்டி, தண்ணி மோட்டார் பாடி, மருந்தடிக்கிற பம்பு என்று மலையில் உடைகிற அலுமினியம் எல்லாம் அவரிடம்தான் வரும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நம்ம ஆள்தான்.

அவர் முதலில் வெல்டிங் பக்கமே போகவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பேரிங், சீல் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் கேஸைப் பெட்ரோலில் கழுவினார். காயவைத்து வெடிப்பின் மேல் மண்ணெண்ணெய் தடவினார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் சுத்தமாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினார். வெடிப்புக்குள் இறங்கியிருந்த மண்ணெண்ணெய் வெள்ளைத் தூளில் ஊறி ஒரு கோடாக வெளியே வந்தது. நாங்கள் ஒரு விரல் நீளம் என்று நினைத்திருந்தது ஒன்றரை விரல் நீளம். 'கண்ணுக்குத் தெரியிற எடத்தோட நிறுத்திப் பத்த வச்சா, தெரியாத எடத்துலருந்து திரும்பக் கெளம்பும்' என்றார். கோடு முடிகிற ரெண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டார். வெடிப்பு ஓட்டையில் வந்து விழுந்தால் அதற்கு மேல் ஓடாது.

பிறகு வெடிப்பை வாய்க்கால் மாதிரி சாய்த்து அரத்தால் ராவினார். அடுப்பில் மெல்லச் சூடேற்றினார். பல வருசமாக ஆயில் குடித்த வார்ப்பு அது. சூடு ஏற ஏற ஆயில் வேர்த்து வெளியே வந்தது. துடைத்தார், மறுபடி சூடு காட்டினார், மறுபடி துடைத்தார். அரை நாள் இதிலேயே போனது. ஆயில் உள்ளே இருந்தால் வெல்டிங் பொரிந்து ஓட்டை ஓட்டையாக நிற்கும். கேஸ் கோணாமல் இருக்க ஒரு கனத்த இரும்புத் தகட்டில் போல்ட் போட்டு இறுக்கினார்.

'இரும்பு செவந்து நமக்குச் சொல்லும் தம்பி. அலுமினியம் செவக்காது, சொல்லாம கொள்ளாம உருகி விழுந்துரும்.' அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன்மேல் படிகிற ஆக்சைடு தோல் உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். உள்ளே தண்ணியாகிவிட்ட உலோகத்தை மேல்தோல் மறைத்து வைத்திருக்கும். அதனால்தான் ஆர்கன் வாயு. அது காற்றைக் கிட்ட விடாது. ஏ.சி. கரண்டில் வெல்ட் பண்ணினால் அந்தத் தோல் உடைபட்டுக்கொண்டே போகும். சிலிக்கான் கலந்த ராடைக் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு இடத்தில் ஒரு அங்குலம், ஆறவிட்டு அடுத்த அங்குலம் என்று போட்டார். முடித்ததும் கேஸை அப்படியே சாம்பலில் புதைத்துவிட்டார். 'ராத்திரி முழுக்க ஆறட்டும். அவசரமா ஆறினா திரும்ப வெடிக்கும்.' பெரியப்பா ஸ்டோரில் தீயை அணைக்கிறபோதும் இதைத்தான் சொல்வார் என்று பெரியம்மா சொன்னார்.

மறுநாள் கண்ணாடித் தகட்டில் எமெரியை விரித்து, ரெண்டு பாதியும் சேர்கிற முகத்தைத் தேய்த்துச் சமம் பார்த்தார். பேரிங்கைச் சுத்தியலால் அடிக்கவில்லை. கேஸைச் சூடாக்கினார். அலுமினியம் இரும்பைவிட ரெண்டு மடங்கு விரியும். விரிந்த துவாரத்தில் பேரிங் தன்னால் இறங்கி உட்கார்ந்தது. கடைசியாக மறுபடி மண்ணெண்ணெயும் சாக்பீஸ் தூளும். கோடு வரவில்லை. நம்பர் ஒரு எழுத்தும் கலையாமல் இருந்தது.

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். பற்றவைத்தல் என்பதற்கு நான் படித்த தமிழில் நெருப்பு மூட்டுவது என்றுதான் பொருள். உடைந்த உலோகத்தைச் சேர்ப்பதற்கும் அதே சொல்லைக் கொண்டுவந்து வைத்தவர்கள் பட்டறைக்காரர்கள். அவர்கள் எழுதி வைக்கவில்லை. சாதி என்பது வேலைப் பிரிவினையோடு நிற்பதில்லை, அது வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரிப்பது என்று 1936-ல் அம்பேத்கர் விளக்கினார். அந்தப் பிரிவினை அறிவையும் பிரித்துவைத்தது. ஏட்டில் ஏறினால் தொழில்நுட்பம், கையில் இருந்தால் கூலி. ஏல ஸ்டோர் தீயைப் பற்றிப் பெரியப்பாவுக்குத் தெரிந்தது அவரோடு மண்ணுக்குள் போய்விட்டது. போடி அண்ணனுக்குத் தெரிந்தது அப்படிப் போகக் கூடாது. மேலே வேலையை ஒவ்வொன்றாக எழுதியதற்கு அதுதான் காரணம். நம்முடைய தன்வரலாறுகள் பட்ட அடிகளை நிறையவே பேசியிருக்கின்றன, பேசத்தான் வேண்டும். அடிபட்டவர்களுக்குத் தெரிந்த வேலையையும் அதே பக்கங்களில் பேச வேண்டும்.

இது பழைய கதை, இப்போது யார் வண்டியைத் தடுக்கிறார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட்டில் வந்த தலித் கல்லூரி மாணவரின் கையை வெட்டினார்கள். இந்தச் சாதியில் பிறந்தவன் புல்லட் ஓட்டலாமா என்று கேட்டு வெட்டியதாகப் புகார். மூன்று பேர் கைதானார்கள். அங்கே வண்டியைத் தள்ளச் சொல்லவில்லை, ஹேண்டில் பிடிக்கிற கையையே எடுக்கப் பார்த்தார்கள்.

ஒன்றிய அரசு 2021 ஜூலையில் ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருசத்துக்கு மேலான வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம், 'வி.ஏ.' என்று தனி எண் வரிசை கிடைக்கும். புதிதாகப் பதிய 20,000 ரூபாய். பதிந்தால் வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. வயசுப்படி பார்த்தால் எங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி உண்டு. நண்பர்கள் சிலர் அப்படிப் பதியச் சொன்னார்கள். பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'அவரு தள்ளுனதுதான் கண்காட்சி. தெனம் ஓடுனாத்தான் அது வண்டி.'

ஆகவே சாதாரண வண்டியாகவே புதுப்பிக்க மனுக் கொடுத்திருக்கிறோம். இறந்தவர் பெயரிலிருந்து வாரிசு பெயருக்கு மாற்றுகிற 31-ஆம் எண் படிவமும் கூடவே போயிருக்கிறது. எஞ்சின் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்ததும் இணைத்திருக்கிறோம். இன்னும் புத்தகம் கைக்கு வரவில்லை. வந்தால் பெரியப்பா பெயருக்குக் கீழே பெரியம்மாவின் பெயர் ஏறும், எண் அதேதான். பெரியப்பாவின் மகள், என் தங்கை, இப்போதே அந்த ஒற்றை லீவரை உதைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.