எந்தப் பூவும் முந்தக் கூடாது

திருப்பூரில் துணிக்கு டிசைன் வரைகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே 64 என்ற எண் வந்துவிடும். ரோட்டரி அச்சு இயந்திரத்தில் ஸ்கிரீன் என்பது நிக்கலால் ஆன மெல்லிய உருளை. உடம்பெங்கும் நுண்துளைகள், நிறத்துக்கு ஓர் உருளை. பரவலாகப் புழங்கும் உருளையின் சுற்றளவு 64 சென்டிமீட்டர். அடியில் துணி ஓட, மேலே உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்று முடிந்தால் அதே பூ, அதே இலை மறுபடியும். ஆகவே வரையும் சித்திரம் 64-லோ, அதை மீதமில்லாமல் வகுக்கிற 32, 16-லோ அடங்கியாக வேண்டும். மேல் விளிம்பில் பாதியாக வெட்டுப்பட்ட இதழின் மறுபாதி, கீழ் விளிம்பில் இம்மி பிசகாமல் இருக்க வேண்டும். இதைத்தான் இங்கே ‘ரிப்பீட்’ போடுவது என்கிறார்கள்.

நான் போனது பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு மாடியில் இயங்கும் சிறிய ஸ்டுடியோவுக்கு. சுவரெங்கும் துணித் துண்டுகள். பென் டேப்லெட்டில் குனிந்திருந்த பெண், குழந்தை ஆடைக்கு மஞ்சள் பூ வரைந்துகொண்டிருந்தார். கோப்பின் ரெசல்யூஷன் 254 என்று இருந்தது. எல்லோரும் 300 வைப்பார்களே என்றேன்.

“இஞ்சுக்கு 2.54 சென்டிமீட்டர்ங்களா? 254 வெச்சா ஒரு சென்டிமீட்டருக்குச் சரியா நூறு பிக்சல். 64-க்கு 6400. கணக்கு நேரா வந்துருது. 300 வெச்சா 7559-க்கு மேல ஒரு துளி மிஞ்சுமுங்க. பிக்சல அறுக்க முடியாது. அந்தத் துளி எங்கியோ ஒரு எடத்துல வந்து வம்பு பண்ணும்.”

இந்த வேலையை அவர் கற்றது போட்டோஷாப்பின் ஆஃப்செட் வசதியில். படத்தைப் பாதி அகலம் வலப்பக்கமும் பாதி உயரம் கீழேயும் நகர்த்தினால், நான்கு ஓரங்களும் நடுவே வந்து கூடும். ஒட்டு சிலுவைக் கோடாகத் தெரியும். அதன் மேல் வரைந்து மறைத்து, திரும்ப நகர்த்திப் பார்க்க வேண்டும். இப்போது அவர் வரைவது கிருத்தாவில். காசில்லாமல் கிடைக்கும் மென்பொருள். அதில் டபிள்யூ விசையைத் தட்டியதும் ஒற்றைச் சதுரம் திரை முழுக்கப் பரவிற்று. வலது ஓரத்தைத் தாண்டிப் போன கோடு அதே நொடியில் இடது ஓரத்தில் நுழைந்தது. இந்த வசதி கிருத்தாவின் 2.8 பதிப்பில், 2014-இல் வந்தது. சந்தா கட்டி வாங்குகிற போட்டோஷாப்புக்கு இதற்கு ஈடான ஒன்று வந்து சேர 2020 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதில் எனக்கு ஓர் அற்பச் சந்தோஷம்.

ஒட்டுப் பிரச்சினை இப்படி ஒரு விசையில் தீர்ந்துவிட்டது. அப்புறம் ஏன் ஒரு டிசைனுக்கு நாள்கணக்கில் ஆகிறது?

அவர் படத்தைச் சுருக்கிக் காட்டினார். பூக்கள் புள்ளிகளாயின. கிட்டத்தில் அடர்ந்த தோட்டமாக இருந்ததன் குறுக்கே இப்போது சாய்வாக வெள்ளைப் பட்டைகள் ஓடின. எங்கோ இரண்டு இலைகளுக்கு நடுவே விட்ட வெற்றிடம், மறுபடி மறுபடி வந்து கோடாகச் சேர்ந்துகொண்டது. ஓர் இலையைத் திருப்பி அந்தப் பட்டையை அடைத்தார். வேறு பக்கம் ஒன்று திறந்தது. அதை அடைக்க ஒரு மொட்டு. மொட்டுகள் வரிசை கட்டி நின்றன. அதையும் கலைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே பொறுமை போயிற்று, அவருக்குப் போகவில்லை.

அடுத்து அவர் கை வைத்தது, இருப்பதிலேயே அழகான பூவின் மீது. ஓர் இதழ் லேசாக மடங்கி, நிழல் விழுந்து, உயிரோடு இருந்த பூ. அதன் நிழலை அழித்து, இதழை நிமிர்த்தி, மற்றப் பூக்களில் ஒன்றாக ஆக்கிவிட்டார். ஐயோ என்றேன்.

“நல்லா வந்த பூவத்தாங்க மொதல்ல கொல்லணும். ஒண்ணு முந்திக்கிட்டு நின்னா, கண்ணு அதையே தேடிப் போகும். 32 சென்டிமீட்டருக்கு ஒருக்கா ‘இங்க இருக்கேன்’னு கூப்புடும். ரிப்பீட் காட்டிக் குடுத்துரும்.”

ஓவியம் கற்பிக்கிறவர்கள் பார்வை தங்க ஒரு மையம் வேண்டும் என்பார்கள். இந்தத் தொழிலின் முழுத் திறமையும் அந்த மையம் உருவாகாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. ஒரே சொடுக்கில் தடமில்லாத டிசைன் என்று விளம்பரம் செய்யும் செயலிகள் ஓரங்களைப் பொருத்துவதோடு நின்றுவிடுகின்றன; எந்தப் பூவை அடக்க வேண்டும் என்பதை ஆள்தான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வரிசையைக் கலைக்க அவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: ‘ஆஃப் டிராப்’. பக்கத்துப் பத்தியைப் பாதி உயரம் கீழே இறக்கிவிடுவது. கிருத்தா நேர்வரிசையில்தான் அடுக்குகிறது என்பதால், சதுரத்தை இரட்டை அகலமாக்கி, 3200 பிக்சல் உயரமுள்ள இரண்டாம் பாதியை 1600 இறக்கி ஒட்டுகிறார். கிடைக்கோடு போய்விடும், சாய்கோடு வரப் பார்க்கும். தளத்தில் ஒரு வடிவம் திரும்பத் திரும்ப வரும் சமச்சீர் முறைகள் மொத்தம் 17 தான் என்று 1891-இல் ஃபெதரோவ் என்ற ரஷ்யர் நிறுவியதைச் சொன்னேன். “பதினேழா? பையர் மூணுக்கு மேல கேட்டதில்லீங்க” என்றார்.

பக்கத்து நாற்காலிப் பையன் முன்பு வீடியோ கேம் கம்பெனியில் தரையும் சுவரும் வரைந்தவர். அங்கே அளவு 1024, 2048 என்று இரண்டின் அடுக்குகளில் போகும். துணியிலாவது நேராகப் பார்ப்பார்கள், கேமில் தரை தொடுவானம் வரை ஓடும், ரிப்பீட் அங்கே இன்னும் அப்பட்டமாகத் தெரியும் என்றார். கருங்கல் புகைப்படம் ஒன்றைக் காட்டினார். இடது மூலையில் வெளிச்சம் சற்றுக் கூடுதல்; தனியாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அடுக்கியதும் சதுரங்கக் கட்டமாகிவிட்டது. ஹை பாஸ் ஃபில்டர் போட்டு அந்த வெளிச்ச ஏற்றத்தாழ்வைக் கழித்த பிறகுதான் மற்ற வேலை. இப்போது பனியன் துணிக்குக் கல், மரப்பட்டை, சலவை ஜீன்ஸ் தோற்றங்களை அவர் செய்கிறார்.

வரைந்து முடிந்தாலும் செபரேஷன் இருக்கிறது. எட்டு நிறம் என்றால் எட்டு உருளை, எட்டுக் கோப்பு. மென்மையான தூரிகை ஓரத்தில் மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே பல சாயல்கள் ஒளிந்திருக்கும். அதை ஒவ்வொரு நிறமாகப் பிரித்து, பக்கத்து நிறங்களைச் சற்றே ஒன்றன் மேல் ஒன்று ஏற வைக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய படத்தை அனுப்பி ‘ரெடிதானே’ என்று கேட்கிறவர்கள் மீது இங்கே எல்லோருக்கும் எரிச்சல். அதில் நிறங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஃபிலிம் காலத்திலிருந்து ஸ்கிரீன் செய்துவரும் ஒரு பெரியவர் சொன்னார்: அப்போது ஃபிலிமின் ஒட்டை நேர்கோட்டில் வெட்டவே மாட்டார்களாம். பூவைச் சுற்றி, இலையைச் சுற்றி, சந்துபொந்துகளில் வளைந்து போகுமாம் பிளேடு.

கடைசியாக மனதில் உறுத்திய கேள்வியைக் கேட்டேன். மூன்று மாதக் குழந்தையின் சட்டை 32 சென்டிமீட்டர் அகலம்கூட வராதே. அதில் ரிப்பீட் யார் கண்ணில் படப் போகிறது?

“சட்டையில தெரியாதுங்க. ஆனா பையர் சட்டையவா பாக்குறாரு? டேபிள்ல மூணு மீட்டர் துணிய விரிச்சு, தள்ளி நின்னு பாப்பாரு. அங்க கோடு தெரிஞ்சா ஆர்டர் போச்சு.”

பேச்சின் நடுவே மெர்ச்சண்டைசரிடமிருந்து போன். பூ பெரிதாகத் தெரிகிறதாம், 16-க்குச் சுருக்கித் தர முடியுமா என்று. சுருக்குவதற்கு ஒரு நிமிடம் போதாதா என்றேன். காம்பெல்லாம் முடி போல மெலிந்துவிடும், அவ்வளவு மெல்லிய கோடு ஸ்கிரீனில் நிற்காது, எல்லாக் காம்பையும் தடித்து வரைய வேண்டும், தடித்தால் இடைவெளி மாறும், மறுபடி கோடு விழும் என்றார். போனில் மட்டும், “நாளைக்கு மத்தியானம் குடுத்தர்றனுங்க சார்” என்றார்.