புத்தளக் கரையின் ஒருநாட் கனி

ஸ்ட்ரோபெரி என்னும் செங்கனியை அறியாத சிறுவர் இன்று நம்மிடையே அரியர். நுவரெலியாவின் குளிரில் விளையும் அக்கனி சிறு பெட்டிகளில் அடைபட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வருகின்றது. பாலாடையோடும் சீனியோடும் உண்ணப்படுகின்றது. பிறந்தநாட் கேக்கின் உச்சியில் மணிமுடிபோல் வீற்றிருக்கின்றது. அதற்கு வாய்த்த பெருமையைக் குறைகூற நாம் வரவில்லை. ஆயின், அதனையொத்த செந்நிறமும், அதனினும் மிகுந்த மணமும், அதைப் போலவே பறித்தவுடன் உண்ணவேண்டிய மென்மையும் கொண்ட கனியொன்று நமது மேற்குக் கரையில் ஆண்டுதோறும் மரத்தடியில் விழுந்து அழுகுகின்றதே, அதனை எத்தனை இல்லங்கள் எண்ணிப் பார்க்கின்றன? அதுவே மரமுந்திரிகைப் பழம். கஜுப் பழம் என்றால் எல்லோருக்கும் எளிதில் விளங்கும்.

அக்கனியை அது விளையும் மண்ணிலேயே கண்டு சுவைக்க விரும்பி, ஒரு சித்திரை மாதத்திற் புத்தளத்துக்குப் புறப்பட்டோம். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 130 கிலோமீற்றர் வழி. நீர்கொழும்பு தாண்டிச் சிலாபம் வரையிலும் இருமருங்கும் தென்னையே ஆட்சி செய்கின்றது. சிலாபத்துக்கு வடக்கே மழை குறைகின்றது, மண் வெளுக்கின்றது, தென்னைகளினிடையே பனைகள் தலைகாட்டுகின்றன. முந்தல், மதுரங்குளி ஆகிய ஊர்களைக் கடந்து பாலாவியை அடைந்தால், வெயிலில் வெள்ளி உருக்கி வார்த்தாற்போல் உப்பளங்கள் கண்ணைக் கூசச் செய்கின்றன. அங்கிருந்து இடப்புறம் திரும்பும் பாதை கற்பிட்டிக்குச் செல்கின்றது. நாமோ நேரே சென்று, புத்தளம் நகரையும் அதன் களப்பையும் கண்டு, அப்பால் எலுவாங்குளம் நோக்கிச் செல்லும் வீதியில் வண்ணாத்திவில்லுப் பகுதியை அடைந்தோம். புத்தள மாவட்டத்தில் மரமுந்திரிகை செழித்து வளரும் பகுதி இதுவே.

இக்கரை பழமையானது. 1344 ஆம் ஆண்டில் இபுன் பதூதா என்னும் அரபு நாட்டுப் பயணி இலங்கைக்கு வந்தபோது, ஆரியச்சக்கரவர்த்தியை அவர் கண்ட ‘பத்தாலா’ என்னும் ஊர் இப்புத்தளமே என்பர். கரையிற் கறுவாக் கட்டைகள் குவிந்து கிடந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஆனால் மரமுந்திரிகையை அவர் கண்டிருக்க இயலாது. அது பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கரையைப் பிறப்பிடமாகக் கொண்ட மரம்; 16 ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் வாயிலாகவே கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. ‘கஜு’ என்ற பெயரும் அந்நாட்டுப் பழங்குடியினரின் சொல்லிலிருந்து போர்த்துக்கேய மொழிவழியாக நமக்கு வந்ததே. இன்று நாம் உண்ணும் பெரிய ஸ்ட்ரோபெரியும் அமெரிக்க உறவினதுதான். சிலி நாட்டிலிருந்து 1714 இல் பிரான்சுக்குக் கொண்டுசெல்லப்பட்ட செடியும், வட அமெரிக்கச் செடியொன்றும் பின்னர் அங்கே கலந்து பிறந்த இனம் அது. ஒன்று மலைக்குச் சென்று மதிப்புப் பெற்றது. மற்றொன்று மணலுக்கு வந்து மறக்கப்பட்டது.

நாம் சென்ற வளவில் மரங்கள் அதிக உயரமின்றிக் கிளைகளைத் தரைமட்டும் பரப்பி நின்றன. இலைகளினிடையே மஞ்சளும் சிவப்புமாகப் பழங்கள் தொங்கின. ஒவ்வொரு பழத்தின் அடியிலும், வெளியே துருத்திக்கொண்டு, சிறுநீரக வடிவில் ஒரு கொட்டை. விதையை உள்ளே மறைக்காது வெளியே தொங்கவிட்ட இவ்விந்தையைக் கண்டு வியவாதார் யார்? மாணவர்கள் இங்கே ஓர் உண்மையைக் குறித்துக்கொள்ளலாம். தாவரநூலார் கூற்றுப்படி, அந்தக் கொட்டையே உண்மையான கனி. நாம் பழம் என்று உண்பது பருத்துச் சாறுகொண்ட காம்பே ஆகும். ஸ்ட்ரோபெரியின் கதையும் இதுவே. அதன் மேல் விதைபோல் ஒட்டியிருக்கும் சிறு மணிகளே கனிகள். செந்நிறச் சதை பூத்தளத்தின் பருமனே. இரண்டும் பொய்க்கனிகள், இரண்டும் மெய்யான சுவையின!

வேலியோரத்தில் நாம் கண்ட காட்சி மனத்தை வருத்தியது. கொட்டை திருகி எடுக்கப்பட்ட பழங்கள் குவியலாகக் கிடந்தன. அன்று காலை விழுந்தவை மேலே மினுமினுத்தன. முதல்நாள் விழுந்தவை கீழே புளித்து நுரைத்தன. ஈக்கள் மொய்த்தன, ஆடுகள் தின்றன. அவ்வீட்டு மூதாட்டியிடம் காரணம் வினவினோம்.

“கொட்டைக்கு ஏவாரி வருவார், மகன். பழத்துக்கு யார் வாறது? இது ஒரு நாள் தாங்காதே!” என்றார் அவர்.

அச்சொல்லில் அவ்வூரின் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருந்தது. கொட்டையைக் காயவைத்தால் மாதக்கணக்கில் வைத்திருக்கலாம், மூட்டை கட்டலாம், கடல் கடந்தும் அனுப்பலாம். பழமோ மெல்லிய தோலுடையது. விழுந்து 24 மணி நேரத்துக்குள் கெடத் தொடங்கும். கொட்டையைப் போல் எட்டுப் பத்து மடங்கு நிறையுள்ளது பழம். ஆகவே ஒரு மூட்டை கொட்டை சந்தைக்குப் போகும்போது எட்டுப் பத்து மூட்டை பழம் மண்ணுக்குப் போகின்றது என்பது பொருள். போவது எத்தகைய செல்வம்! தோடம்பழத்திலுள்ளதைப் போல் நான்கைந்து மடங்கு ‘சி’ உயிர்ச்சத்து இதில் உண்டு. பிள்ளைகளுக்குப் பழம் வாங்கக் காசில்லை என்று கவலையுறும் வீட்டின் வேலியோரத்திலேயே இது கிடந்து அழுகுவதை என்னென்பது!

பழம் ஒதுக்கப்படுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் துவர்ப்புத் தொண்டையைப் பிடிக்கும். கறல் தொண்டையிற் கரகரக்கும். ஆனால் இதற்கு மருந்து அடுப்படியிலேயே இருப்பதை அவ்வீட்டு மருமகள் நமக்குக் காட்டினார். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலேயே வாழ்வைப் புதிதாகத் தொடங்கினர். அவ்வாறு மன்னாரிலிருந்து சிறுமியாக வந்தவர் அவர். விடியலிற் பொறுக்கிய பழங்களைக் கழுவிப் பிழிந்து, துணியில் வடித்து, ஒரு லீற்றர் சாற்றுக்கு ஒரு சிறு கோப்பை ஆறிய சோற்றுக்கஞ்சியின் தெளிவைக் கலந்து மூடிவைத்தார். சிறிது நேரத்திற் கலங்கல் திரிதிரியாகத் திரண்டு அடியில் இறங்கத் தொடங்கியது.

“எங்கட உம்மா இப்பிடித்தான் செய்வா. கஞ்சி கறலை இழுத்துக்கொள்ளும்” என்றார்.

அறிவியலும் அதனையே கூறுகின்றது. துவர்ப்பைத் தருவது தனின் என்னும் பொருள். கஞ்சியிலுள்ள மாச்சத்து அதனைப் பற்றிக்கொண்டு படிந்துவிடுகின்றது. தேநீரிற் பால் சேர்த்ததும் துவர்ப்புத் தணிவதும் இத்தகைய செயலே. தெளிந்த சாற்றை மெல்ல இறுத்து, சிறிது உப்பும் சீனியும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்துத் தந்தார். அந்த வெயிலில் அதற்கு இணையான பானம் வேறில்லை என்றே நமக்குத் தோன்றியது. இச்சாற்றை அன்றன்றே அருந்திவிட வேண்டும். வைத்தால் விரைவிற் புளித்துவிடும்.

இல்லத்தரசிகளின் பொருட்டு வேறு சில பக்குவங்களையும் கூறுவோம். துண்டுகளாக்கி உப்பும் மிளகாய்த்தூளும் தூவி உண்பது யாவரும் அறிந்தது. பழத்தைப் பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, கழுவிப் பிழிந்தால் துவர்ப்புப் பெரிதும் குறையும். அச்சதையைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பால், தேசிக்காய்ப் புளி ஆகியவற்றோடு பிசைந்தால் சோற்றுக்கேற்ற சம்பலாகும். அதே சதை ஒரு கிலோவுக்கு முக்கால் கிலோ சீனியும், இரண்டு தேசிக்காயின் சாறும் சேர்த்துக் கிண்டினால் ஜாம் கிடைக்கும். நன்கு இறுக வேண்டுமாயின் செங்காயான கொய்யா இரண்டைச் சேர்க்கலாம். கொய்யாவில் இறுகச் செய்யும் பெக்டின் மிகுதி. ஸ்ட்ரோபெரி ஜாமைப் பாணிற் பூசுவோர் இதனையும் ஒருமுறை பூசிப் பார்க்கட்டும்.

போறணை உள்ள இல்லங்களுக்கு இன்னொன்று. நம் நாட்டு லவ் கேக்கில் ரவையோடு கஜுப் பருப்பும், புகுல் தோசி எனப்படும் நீற்றுப்பூசணிப் பாகுத்துண்டும் சேர்ப்பது வழக்கம். அப்பாகுத்துண்டுக்குப் பதிலாகக் கஜுப் பழத்தையே பயன்படுத்தலாம். பழத்தை உப்புநீரில் மூன்று நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீரை மாற்றி, பின்பு கழுவிச் சீனிப்பாகில் இட வேண்டும். அடுத்தடுத்த நாட்களிற் பாகைச் சிறிது சிறிதாகத் தடிப்பாக்கி ஊறவிட்டு, இறுதியில் உலர்த்த வேண்டும். ஒருநாட் கனி இவ்வாறு பலநாட் கனியாகின்றது. ஒரே மரத்தின் பருப்பும் பழமும் ஒரே கேக்கிற் சேர்வது எத்துணைப் பொருத்தம்! பருப்புக்கு ஏற்கெனவே நம் இல்லங்களில் இடமுண்டு. கஜுத் தூவாத வட்டிலப்பத்தைப் புத்தளத்தார் எளிதில் ஏற்பரோ?

ஓர் எச்சரிக்கையும் அவசியம். பழத்தைத் தாராளமாக உண்ணலாம். ஆனால் பச்சைக் கொட்டையைப் பிள்ளைகள் கடித்துவிடக் கூடாது. அதன் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். சுடும்போது எழும் புகையும் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தீது. கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து வெடித்திருப்பதை அவ்வூரில் நேரிற் கண்டோம். நாம் விருந்திற் சுவைக்கும் வெண்ணிறப் பருப்பின் பின்னே அந்த விரல்கள் இருக்கின்றன.

பிற நாடுகள் இக்கனியை வீணாக்குவதில்லை. பிரேசிலில் இதன் சாறு அன்றாடப் பானம். தெளிவித்த சாற்றைப் போத்தலிலடைத்துக் கஜுயினா என்று பெயரிட்டுப் போற்றுகின்றனர். கோவாவில் இதிலிருந்து வடிக்கும் ஃபெனி என்னும் மதுவுக்கு 2009 இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுவை விரும்பாத நம் இல்லங்களுக்குச் சாறும் ஜாமும் பாகும் போதுமே. பழத்தையும் விலைகொடுத்து வாங்க நாலுபேர் முன்வந்தால், கொட்டைக்கு மாத்திரம் கைநீட்டி நிற்கும் அக்குடும்பங்களுக்கு இரண்டாவது வருவாயொன்றும் பிறக்கும். கறுத்த விரல்களுக்கு அது சிறிதேனும் ஆறுதல் ஆகாதா?

மாசி முதல் வைகாசி வரையில் அப்பக்கம் செல்லும் அன்பர்கள், வீதியோரத்திற் கஜுப் பருப்பு வாங்குவதோடு நின்றுவிடாது, பழமும் உண்டா என்று ஒரு சொல் கேட்பார்களாக. கேட்போர் பெருகினால் கொடுப்போரும் பெருகுவர். காலையிற் செல்லுங்கள்; கையில் ஒரு கூடையும் சிறிது உப்பும் இருக்கட்டும். அக்கனி மாலை வரையிற் காத்திராது.